புள்ளியும் கண்ணியும்

திருப்பூர் என்றவுடனே பனியன் என்னும் சொல் நாவில் எழாதவர் தமிழ் நாட்டில் மிகச் சிலரே. அவ்வூரில் பிறந்து, நிட்டிங் இயந்திரத்தின் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆதலின் இம்மலருக்கு ஒரு கட்டுரை வரையுமாறு ஆசிரியர் பணித்தபோது, எப்பொருளை எடுப்பினும் அது நூலையும் ஊசியையும் சுற்றியே வரும் என்பதை உணர்ந்தேன். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்குப் பனியனுக்கு வெகு தூரத்தில் உள்ளது. கண்ணுக்குத் தோன்றா நுண்ணுயிர்களிடமிருந்து பெற்ற பொருள்களைக் கொண்டு, கணித விதி ஒன்றைப் பின்பற்றித் தாமே அடுக்கிக்கொள்ளும் அணுவளவான மின்னணுக் கருவிகளை ஆக்க அறிஞர் முயன்று வருகின்றனர். அம்முயற்சியின் கருவிலே நம் வீட்டு வாசலில் நாள்தோறும் நிகழும் ஒரு காரியம் இருக்கிறது என்பதையும், நம் தாய்மாரும் தமக்கைமாரும் அதற்கு அந்நியர் அல்லர் என்பதையும் என்னால் இயன்ற வரையில் எடுத்துரைக்க விழைகின்றேன்.

முதற்கண் எங்கள் ஊர் இயந்திரத்தைச் சிறிது நோக்குவோம். வட்டப் பின்னல் இயந்திரம் என்பது ஓர் உருளையைச் சுற்றிலும் ஊசிகள் நிறுத்தப்பெற்ற கருவி. 30 அங்குலக் குறுக்களவும், அங்குலத்துக்கு 24 ஊசியும் உடைய இயந்திரத்தில் 2,200-க்கு மேற்பட்ட ஊசிகள் உண்டு. ஒவ்வோர் ஊசியும் அறிந்தது ஒரே தொழில்: மேலே எழுதல், நூலைக் கொக்கியிற் பற்றுதல், பழைய கண்ணியினூடே அதனை இழுத்தல், பழைய கண்ணியை நழுவ விடுதல். தான் பின்னுவது பெரியோர் பனியனோ, குழந்தைச் சட்டையோ, எவ்வூசியும் அறியாது. ஆயினும் மாலைக்குள் துணி சுருள் சுருளாக இறங்கிவிடுகிறது. ஊசியின் நாக்கு ஒன்று பழுதுபட்டாலோ, அதன் நேரே துணி நெடுகிலும் ஒரு கோடு விழும். அதனை எங்கள் ஊரார் நீடில் லைன் என்பர். கண்ணி நழுவினால் ஓட்டை விழும். இவற்றைக் கண்டுபிடித்து ஒதுக்குவதே செக்கிங் மேசையில் நிற்போரின் வேலை. என் தமக்கை அவ்வேலையில் இருப்பவர். அவரைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுவேன்.

சிறு விதி ஒன்றையே அறிந்த பல உறுப்புகள் ஒன்றுகூடிப் பெரிய ஒழுங்கு ஒன்றைத் தோற்றுவித்தல் என்னும் இவ்வதிசயம் இயந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. மார்கழி மாதத்து விடியற்காலையில் எங்கள் தெருவில் நடந்து செல்வோர் வாசல்தோறும் இதனையே காண்பர். புள்ளிகளை முதலில் வைத்து, அவற்றைச் சுற்றிக் கம்பி இழுத்துப் போடும் கோலத்தில், கோடு புள்ளியின்மேல் ஏறுதல் கூடாது. ஒவ்வொரு புள்ளியும் சூழப்பட வேண்டும். தொடங்கிய கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேர வேண்டும். இரண்டு புள்ளிகளின் நடுவே வரும்போது அக்கோடு குறுக்கே கடந்து செல்லும். அன்றேல் வளைந்து திரும்பும். ஒவ்வோர் இடத்திலும் செய்ய வேண்டிய தெரிவு இவ்வளவே. இத்தெரிவுகளின் வரிசையில் இருந்து ஐந்து புள்ளிக் கோலமும் பிறக்கிறது. தெருவை அடைக்கும் இருபத்தொரு புள்ளிக் கோலமும் பிறக்கிறது. என் அன்னையார் எழுதப் படிக்க அறியாதவர். எனினும் இக்கோலத்தை அவர் ஒரு நாளும் தாளில் பார்த்துப் போட்டதில்லை. விரல் அடுத்த வளைவை அறிந்திருந்தது.

இவ்விரல் அறிந்ததைக் கணிதமும் அறிய வேண்டும் என்று எண்ணியவர்கள் நம் நாட்டிலேயே இருந்தனர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். நம்முடையதைப் போன்றதொரு மிஷன் கல்லூரியாகிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி 1937-இல் நகரை விட்டுத் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. அங்கே புள்ளியியற் பேராசிரியராக விளங்கிய கிப்ட் சிரோமணி அவர்களும், அவருடைய துணைவியாராகிய கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி அவர்களும், கமலா கிருத்திவாசன் அவர்களும் சேர்ந்து, 1974-இல் கோலத்தின் இலக்கணத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். இலக்கணம் என்ற சொல்லை நான் உவமையாகக் கூறவில்லை. இன்ன எழுத்தின்முன் இன்ன எழுத்து வரின் இன்னவாறு திரியும் என்று புணர்ச்சி விதிகளைப் பள்ளியில் கற்றோம் அல்லவா? அவ்வாறே, இன்ன வடிவம் நின்ற இடத்தில் இன்ன வடிவ வரிசையை இடுக என்ற விதிகளைச் சிலவாக அமைத்து, அவற்றையே திரும்பத் திரும்பச் செலுத்தினால் ஒரு குடும்பத்துக் கோலங்கள் அனைத்தும் சிறிதும் பெரிதுமாக வெளிப்படும் என்று அவர்கள் காட்டினர். பின்னர்க் கம்பிக் கோலத்தையும், கோடு எடுத்து வைக்கும் அடிகளின் வரிசையாகக் கண்டு ஆராய்ந்தனர். பேராசிரியர் கிப்ட் சிரோமணி அவர்கள் 1988-இல் மறைந்தார்.

இனி, இவ்விலக்கணம் மின்னணுக் கருவியோடு எங்ஙனம் உறவு கொண்டது என்பதைக் காண்போம். இதற்கு நம் கொங்கு நாட்டு இரயில் சந்திப்பு ஒன்றிலிருந்து தொடங்கலாம். திருப்பூரிலிருந்து மேற்கே செல்லும் வண்டி நிற்கும் போத்தனூரில், 1881-இல், மதராஸ் இரயில்வேயில் பொறியாளராகப் பணிபுரிந்த ஸ்டோனி என்பாருக்கு ஈத்தல் என்னும் பெண் மகவு பிறந்தது. அவருடைய மைந்தரே ஆலன் டூரிங். அவர் 1936-இல் ஒரு கற்பனை இயந்திரத்தை விவரித்தார். நாடா ஒன்றில் ஒரு கட்டத்தைப் பார்த்து, சிறு விதிப் பட்டியலின்படி எழுதியும் அழித்தும் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்வதே அதன் தொழில். விதிமுறையால் செய்யத் தக்க எந்தக் கணக்கையும் அவ்வியந்திரம் செய்யும். பின்னர், 1961-இல், ஹாவ் வாங் என்னும் அறிஞர், நான்கு விளிம்பிலும் நிறம் பூசிய சதுர ஓடுகளை, நிறத்தோடு நிறம் பொருந்துமாறு மட்டும் அடுக்குவதைப் பற்றி ஆராய்ந்தார். தக்க ஓடுகளைத் தெரிந்தெடுத்தால், டூரிங்கின் இயந்திரம் செய்யும் எக்கணக்கையும் அவ்வடுக்கே செய்துவிடும் என்பது தெளிவாயிற்று. பக்கத்து விளிம்போடு பொருந்துதல் என்ற ஒரே விதியினால் கணக்கு நடக்கிறது. ஊசிக்கும் கோலத்துக்கும் உரிய விதியும் அதுவே அன்றோ?

அவ்வோடுகளைக் கையால் அடுக்க வேண்டாம், நீரில் இட்டால் தாமே அடுக்கிக்கொள்ளட்டும் என்று எண்ணியதே அடுத்த படி. டி.என்.ஏ. என்னும் உயிரிழை ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆயது. ஏ-யோடு டி-யும், ஜி-யோடு சி-யும் மட்டுமே பொருந்தும். அவ்விழையைப் பாரம்பரியத்தின் ஏடாக எல்லோரும் கருதிய காலத்தில், நாட்ரியன் சீமன் என்னும் அமெரிக்க அறிஞர் 1982-இல் அதனைக் கட்டடப் பொருளாகக் கருதலானார். எரிக் வின்ஃப்ரீ என்பார் வாங்கின் ஓடுகளை டி.என்.ஏ.யால் செய்யலாம் என்று காட்டினார். நிறத்துக்குப் பதிலாக விளிம்பில் எழுத்து வரிசைகள் நின்றன. 2006-இல் பால் ராத்மண்ட் என்பார் வேறொரு வழி கண்டார். ஈ.கோலி என்னும் குடற்கிருமியைத் தொற்றி வாழும் எம்-13 என்ற வைரஸ் ஒன்று உண்டு. அவர் எடுத்துக்கொண்ட அதன் வகையொன்றின் உயிரிழை 7,249 எழுத்துகள் கொண்ட ஒரே நீண்ட நூல். அந்நூலோடு, குறித்த இடங்களில் தைத்து மடிக்கும் 200-க்கு மேற்பட்ட சிறு துண்டுகளை உப்பு நீரில் கலந்து, சூடேற்றி மெல்ல ஆற விட்டார். நீளிழை மடிந்து அவர் எண்ணிய வடிவத்தை அடைந்தது. சதுரமும் விண்மீனும் சிரிக்கும் முகமும் அவ்வாறு தோன்றின. அவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 நானோமீட்டர் அகலமே. ஆயிரத்துக்கு மேற்பட்டவற்றை வரிசையாக வைத்தால்தான் ஒரு பனியன் நூலின் தடிப்பு வரும்.

இவ்விடத்தில் தாம்பரத்தை மீண்டும் நினைத்தல் தகும். பாக்டீரியாக்கள், தம்முள் புகும் வைரஸின் உயிரிழையைக் குறித்த எழுத்து வரிசை வரும் இடத்தில் வெட்டிவிடும் கத்தரிகளை உடையவை. ஈ.கோலியின் ஒரு வகை ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்ற வரிசையைக் கண்டால் வெட்டும். வெட்டுதலும் ஒட்டுதலும் இலக்கண விதிகளாகக் கொள்ளத் தக்கன என்று டாம் ஹெட் என்னும் கணித அறிஞர் 1987-இல் எழுதினார். பாக்டீரியாவின் உடலில் உயிரிழை பெரும்பாலும் முனையின்றி வளையமாகவே இருக்கிறது. அவ்வளைய இழைக்கு ஏற்ற வெட்டொட்டு இலக்கணத்தை 1992-இல் வகுத்தவர்கள் ராணி சிரோமணி, கே. ஜி. சுப்பிரமணியன், வி. ராஜ்குமார் டேர் ஆகியோர். முன்பு கோலத்துக்கு விதி தேடிய அதே அம்மையார், உயிரிழையைக் கணக்கிடும் கருவியாக உலகம் பரவலாகப் பேசத் தொடங்கிய 1994-ஆம் ஆண்டுக்கு முன்னரே, நுண்ணுயிரின் வளையத்துக்கு விதி தேடினார் என்பதைப் படித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

இவற்றால் மின்னணுத் துறைக்கு வரும் பயன் யாது என வினவலாம். இக்காலத்துச் சில்லுகள் ஒளியால் அச்சிடப்பெறுகின்றன. கோடுகள் மெலிய மெலிய, அச்சிடும் இயந்திரத்தின் விலையும் நுட்பமும் ஏறிக்கொண்டே போகின்றன. எனவே, அச்சிட்ட பரப்பின் மேல் டி.என்.ஏ. வடிவங்களைக் குறித்த இடத்தில் படியச் செய்து, அவற்றை ஆணிப்பலகை போலக் கொண்டு மெல்லிய கம்பிகளை நிறுத்தலாம் என்பது ஒரு வழி. ராத்மண்டும் ஐ.பி.எம். ஆய்வாளரும் 2009-இல் அவ்வடிவங்களை உரிய இடத்தில் படிய வைத்துக் காட்டினர். 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், டி.என்.ஏ.யால் ஆகிய வாய்க்கால்களில் கரிக்குழாய்களைப் பாவு நூல்போல இணையாக நிறுத்தினர். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி 10.4 நானோமீட்டர் வரை குறைந்தது. அவ்வழியில் டிரான்சிஸ்டர்களும் ஆக்கப்பெற்றன. எம்-13 வைரஸையே நேராகப் பயன்படுத்தினோரும் உண்டு. ஆஞ்சலா பெல்ச்சர் என்னும் அம்மையாரின் குழுவினர், அதன் மேலுறையை மாற்றி, கோபால்ட் ஆக்ஸைடையும் பொன்னையும் தன்மேல் படிய வைத்துக்கொள்ளச் செய்து, மின்கலத்துக்குரிய நுண்கம்பிகளை 2006-இல் ஆக்கினர்.

விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது இவற்றையெல்லாம் என் தமக்கைக்கு எடுத்துக் கூறினேன். அவர் பத்தாம் வகுப்பில் கணிதத்தில் எல்லோருக்கும் முதல்வராக நின்றவர். வீட்டுக் கடனின் பொருட்டுப் பள்ளியை விட்டு, பனியன் கம்பெனி ஒன்றில் முதலில் கைமடியாகவும், பின்னர்ச் செக்கிங்கிலும் சேர்ந்தார். அவர் கூலியில் ஒரு பகுதியே என் கல்லூரிச் சம்பளமாக மாறி வந்திருக்கிறது. குழல் விளக்கின் கீழ் நாள் முழுதும் துணியைப் பார்த்துக் களைத்த கண்களை மூடிக்கொண்டே, நான் சொன்னவற்றைக் கேட்டார். ஓடுகள் தாமே சேரும் என்று கூறியபோது கண்ணைத் திறந்து, "எல்லாம் தானே சேருதுன்னா, தப்பாச் சேர்ந்ததை யாரு கண்ணு பிரிக்கிறது?" என்று வினவினார்.

நான் சிறிது நேரம் வாளா இருந்தேன். ஏனெனில், அவ்வாராய்ச்சியாளர் பல ஆண்டுகளாகத் தம் அறிவைச் செலவிட்ட வினா அதுவே. 2004-இல் ராத்மண்ட், பாப்படாகிஸ், வின்ஃப்ரீ என்போர் டி.என்.ஏ. ஓடுகளைக் கொண்டு முக்கோணத்துக்குள் முக்கோணமாக விரியும் ஒரு கணித வடிவத்தை வளர்த்தனர். கீழே உள்ள இரண்டு ஓடுகளும் ஒத்திருந்தால் வெறும் ஓடு, மாறுபட்டிருந்தால் குறியிட்ட ஓடு என்பதே விதி. வடிவம் தோன்றியது உண்மை. ஆனால் நூறு ஓடுகளுக்கு ஒன்று முதல் பத்து வரை தவறாக அமர்ந்தன. இத்தகைய அடுக்கில் ஓர் ஓடு பிழைத்தால் அதன்மேல் எழும் அனைத்தும் பிழையைச் சுமந்தே எழும். எங்கள் ஊர் நீடில் லைனும் இதுவும் ஒரே இனம்.

அதற்கு அவர்கள் கண்ட பரிகாரத்தைத் தமக்கைக்குப் பின்வருமாறு விளக்கினேன். சரியான ஓடு இரண்டு விளிம்பாலும் பற்றிக்கொள்ளும். தவறான ஓடு ஒரு விளிம்பால் மட்டும் பற்றும். நீரின் சூட்டை, ஒரு பிடி நில்லாமலும் இரண்டு பிடி நிற்குமாறும் அளவாக வைத்தால், தவறாக வந்தது பெரும்பாலும் தானே கழன்றுபோம். மேலும், ஓர் ஓட்டுக்குப் பதிலாகச் சில ஓடுகளைக் கூட்டமாக அமைத்தால், ஒரு பிழை நிலைப்பதற்கு அதன் பக்கத்திலும் பிழைகள் தொடர்ந்து நிகழ வேண்டும். அது அரிது, ஆகவே பிழை வேர் கொள்ளுமுன் விலகிவிடும். இவ்வகை நுட்பங்கள் முதிர்ந்ததன் பயனாக, 2019-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், 355 வகை ஓடுகளைச் செய்து வைத்து, அவற்றிலிருந்து வேண்டியவற்றை மட்டும் தெரிந்தெடுத்து 21 வேறு வேறு கணக்குகளை நடத்தினர். ஒரே புள்ளி வரிசையில் பல கோலம் போடுவதை இது ஒக்கும். பிழையோ 3,000 ஓட்டுக்கு ஒன்றினும் குறைந்தது.

தமக்கை அதைக் கேட்டு நகைத்தார். பின்னர், "அப்ப செக்கிங்குக்கு ஆளே வேண்டாமா?" என்றார். அந்நகையில் அச்சமும் கலந்திருந்தது. துணியின் பழுதைக் காமிராவால் கண்டுபிடிக்கும் இயந்திரங்கள் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டன என்பது அவர் செவிக்கும் எட்டியிருந்தது. முக்கோண வடிவத்தின் பிழைகளையும் நுண்ணோக்கியில் படம் எடுத்துப் பார்த்தே கணக்கிட்டார்கள் என்று கூறினேன். அதனால் அவர் ஆறுதல் அடைந்தார் என்று சொல்ல மாட்டேன்.

அன்னையார் கேட்டது வேறு: "அந்தத் தண்ணி எங்க போகும்?" நொய்யலின் கரையில் வாழ்ந்தவர்க்கு இயல்பாக எழும் வினா அது. சாயக் கழிவால் அவ்வாறும் ஒரத்துப்பாளையம் அணையும் உற்ற கேடு நாடறிந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் விதிக்கு உட்படாத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும், கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறையை ஏற்றே தொழில் நிலைபெற்றதும் எங்கள் தலைமுறை கண்கூடாகக் கண்டவை. எங்கள் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் தொட்டிகளில் கழிவைத் தின்று உழைப்பனவும் பாக்டீரியாக்களே. அன்னையாரின் வினாவுக்கு விடை கூற இயலவில்லை. டி.என்.ஏ. அடுக்கு முறை ஆய்வுக்கூடத்துச் சிறு குழாய்களிலேயே நிற்கிறது. ஆலையாக வளரும் நாளில் அவ்வினாவை முதலில் கேட்க வேண்டியவர்கள் நம்மவர்களே.

மாணவ நண்பர்களே! படித்தவர், படியாதவர் என்று மக்களை இரண்டாகப் பகுத்துப் பேசுவது நம்மிடை வழக்கமாக இருக்கிறது. பகுத்த பின்னர், ஒரு பக்கத்தாருக்கு விதியும் மறு பக்கத்தாருக்கு வேலையும் என்று கொள்கிறோம். தாம்பரத்துப் பேராசிரியர்கள் அங்ஙனம் கொள்ளாமையால் அன்றோ வாசற்கோலம் கணித நூலேறியது? அவர்கள் குனிந்து கேட்டார்கள். கோலம் போட்ட கைகள் விடை கூறின. கேளாமல் விடப்பட்ட கைகள் இன்னும் எத்தனை இருக்கின்றன! ஊசி பொருத்தும் மெக்கானிக், சாயத்தின் பக்குவத்தைக் கண்ணால் அறியும் பட்டறைக்காரர், கண்ணி நழுவியதை விரலால் தடவியே சொல்லும் பெண்டிர் ஆகிய இவர்களிடம் எழுதப்படாத விதிகள் உள்ளன. அச்சடித்த கோலங்கள் ஒட்டுத்தாளாகக் கடையில் விற்கும் காலம் இது. ஆகையால் இவ்விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் இல்லத்து முதியோர் அருகில் அமர்ந்து, ஒரு கோலத்தையேனும் ஒரு கைத்தொழிலையேனும் எடுத்துக்கொண்டு, அடுத்த அடியை அவர் எவ்வாறு அறிகிறார் என்று கேட்டு எழுதி வருவோமாக. அக்குறிப்புகளைச் சேர்த்து வைக்க நம் கல்லூரி நூல் நிலையத்தில் ஓர் அலமாரி போதும்.

மற்றொன்றும் சொல்லி முடிப்பேன். ஆராய்ச்சியாளர் பதினைந்து ஆண்டுகள் உழைத்து விடை கண்ட வினாவை, பத்தாம் வகுப்போடு நின்ற ஒரு பெண் இரண்டு நிமிஷத்தில் கேட்டார். அவ்வினாவைக் கேட்கத் தக்க சிறுவரும் சிறுமியரும் எங்கள் ஊர்ச் செக்கிங் மேசைகளில் எத்தனை பேர் நிற்கின்றனர் என்று கணக்கெடுத்தவர் யார்? என் தமக்கை மறுநாட் காலை எட்டரை மணி ஷிப்டுக்கு வழக்கம்போல் புறப்பட்டுச் சென்றார். ஆனால் அன்றிரவு, அவ்வாராய்ச்சிக் கட்டுரையில் இருந்த முக்கோணப் படத்தைத் தாளில் வரைந்து தருமாறு கேட்டார். வரைந்து கொடுத்தேன். விதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்காம் வரிசைக்கு மேல் அவரே போட்டுக்கொண்டு போனார்.